ஒரே கோபுரத்தில் இரண்டு பீரங்கி

டாங்கியைக் கொல்ல வந்த மனிதருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது தெர்ஸா பொலிதோதான்.

மெல்பர்னுக்கு மேற்கே, ஃபுட்ஸ்கிரே ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. 1942, ஜூலை மாதம், அந்த ஊரில் நடுக்குளிர்காலம். ஆற்றுப் பக்கமிருந்து தோல் பதனிடும் நாற்றமும் குளிரும் சேர்ந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. பிரிகேடியர் ஆஷ்வொர்த் தன் மேல்கோட்டைக் கழற்றாமலே டாங்கியை இரண்டு முறை சுற்றி வந்தார். கைத்தடியால் அதன் வயிற்றில் ஒரு தட்டு தட்டினார். மணி போல் ஓசை வந்தது. தகடு தகடாக வெட்டி ஒட்டிய உடல் இல்லை அது. பெரிய அண்டாவை வார்ப்பதுபோல உருக்கிய எஃகை ஊற்றி ஒரே துண்டாக எடுத்தது. அப்படி வார்க்கவே முடியாது என்று சீமையிலிருந்து வந்த நிபுணர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே மூன்று கார் எஞ்சின்களை ஒன்றாகப் பூட்டியிருந்தார்கள். பெரிய எஞ்சின் செய்ய நாட்டில் ஆலை கிடையாது. கார் எஞ்சின் கிடைத்தது. அவ்வளவுதான் காரணம்.

"மிஸ் பொலிதோ, வண்டி நல்லா ஓடுது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றார் பிரிகேடியர், கோப்பையை வாங்கிக்கொண்டே. "ஆனா மேல வச்சிருக்கீங்களே ஒரு பீரங்கி, அது கொசு அடிக்கத்தான் ஆகும்."

"பெரிய பீரங்கி வருது சார். இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல."

"கப்பல் எங்க இருக்கு?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. மீனுங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்." ஒரு வாய் குடித்தார். "சரி, வந்துருச்சுன்னே வச்சுக்குவோம். அந்த உதையை இந்தக் கோபுரம் தாங்குமா? சுட்ட வேகத்துல கழண்டு போய் யாரோ ஒருத்தனோட ஆட்டு மந்தையில விழாதுன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"கணக்குப் போட்டா?"

"ஆமா சார்."

"கணக்கை வச்சு எதிரியைச் சுட முடியாதும்மா. அமெரிக்கக்காரன் டாங்கி கப்பல் கப்பலா வரப்போகுது. அடுத்த மாசக் கடைசியில எங்க குழு கூடுது. அதுக்குள்ள நான் கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது காட்டுங்க. இல்லன்னா கொட்டகையைப் பூட்டிட்டு எல்லாரும் வேற வேலை பாக்கலாம்." கோப்பையைக் கீழே வைத்தார். "தேநீர் நல்லா இருந்துச்சு."

பிரிகேடியரின் கார் கிளம்பிப் போனது.

தெர்ஸாவுக்கு முப்பத்தாறு வயது. பல்லாரட் சுரங்கத்தில் இறைவை எஞ்சின் ஓட்டியவரின் மகள். பொறியியல் படித்து, ரயில்வேயில் பாலங்களுக்கு எஃகு வரைந்து கொடுத்து, போர் வந்ததும் இங்கே கோபுரம் வரைய வந்தவள். டாங்கியின் தலையில் சுழலும் அந்த எஃகுக் கோபுரம், அது உட்கார்ந்து திரும்பும் வளையம், வளையத்துக்குள் உருளும் குண்டுகள் எல்லாம் அவள் கை வரைந்தவை. இரண்டு வருடமாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. இப்போது அழுகை வரவில்லை. எதையாவது எடுத்துச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது.

ஃபோர்மேன் ஹெக் டன்ஸ்டன்தான் முதலில் வாயைத் திறந்தார். கொதிகலன் தட்டித் தட்டிப் பாதிக் காது போனவர். அதனால் அவர் ரகசியம் பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும்.

"இல்லாத பெரிய பீரங்கிக்கு எங்கய்யா போறது? இருக்கற சின்னதுல ரெண்டைச் சேத்துக் கட்டி மேல ஏத்திவிட வேண்டியதுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டிங் ஆட்கள் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்கள். தெர்ஸா மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கணக்குப் பார்க்கும் அளவுகோலை எடுத்து அதன் நடுப்பட்டையை நகர்த்தினாள். இன்னொரு முறை நகர்த்தினாள்.

"ஹெக், நம்ம தரைப்படை பீரங்கி இருக்கே, லாரி பின்னால இழுத்துட்டுப் போவாங்களே, அது ரெண்டு கிடைக்குமா?"

"இந்த ஊர்லயே செஞ்சு தள்றாங்களே. ஏன்?"

"ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு ஒரே நேரத்துல சுட்டா, வரப்போற பெரிய பீரங்கியோட உதையை விட ஜாஸ்தி உதைக்கும். கோபுரம் அதைத் தாங்கிட்டா, பெரிசைக் கண்ணை மூடிக்கிட்டுத் தாங்கும்."

ஹெக்கின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. "அம்மணி, நான் ஜோக்கு சொன்னேன்."

"நல்ல ஜோக்கு. நாளைக்குக் காலைல முன்பக்கத் தகட்டை வெட்ட ஆரம்பிச்சிடுங்க."

வெட்டினார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் கொட்டகையில் யாரும் நேரத்துக்குச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் ஒன்றை ஒரு கையிலும் சுத்தியலை மறு கையிலும் வைத்துக்கொண்டு வேலை நடந்தது. இரண்டு குழலும் முன்னால் நீட்டிக்கொண்டு, அவற்றை மூட ஒரு பருத்த கவசமும் வைத்தபோது, அதைப் போன்ற ஒரு ஜந்துவை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெயிண்ட் அடிப்பவர்கள் அதற்கு 'இரட்டைப் பிள்ளைத்தாச்சி' என்று பேர் வைத்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் மதிய இடைவேளையில் வேலியோரம் வந்து நின்று, "எப்பம்மா பிரசவம்?" என்று கத்துவார்கள். "உன்னைப் பெத்தவளைக் கேளுடா!" என்று ஹெக் திருப்பிக் கத்துவார்.

ராணுவம் சுடுவதற்கென்று ஒரு சார்ஜெண்டை அனுப்பியது. டின்னி கியோ. வட ஆப்பிரிக்காவில், டோப்ருக் பாலைவனத்தில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவன். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. வந்த முதல் நாள் டாங்கியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? குடிச்சிட்டு வரைஞ்சதா இது?"

"சுத்தமான தேநீர்."

"அப்ப இன்னும் மோசம்," என்றான். ஆனால் அன்று மாலையே கோபுரத்துக்குள் புகுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிடியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கைச்சக்கரத்தைச் சுற்றினான். அத்தனை பாரமும் ஒரு கைத்திருகலுக்குச் சொன்னபடி கேட்டுத் திரும்பியது. வெளியே வந்தபோது அவன் வாயில் கேலி இல்லை.

தெர்ஸாவுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இரண்டும் ஒன்றாக வெடித்தால் உதை நேராகப் பின்னால் போகும். ஒன்று வெடித்து மற்றது வெடிக்காமல் போனால்? கதவின் ஒரு ஓரத்தில் எட்டி உதைத்தது போல, கோபுரம் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். பல்சக்கரமெல்லாம் தூளாகிவிடும். உள்ளே கைச்சக்கரத்தைப் பிடித்திருப்பவனின் மணிக்கட்டும் போய்விடும்.

அதனால் சுடும்போது கோபுரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பூட்டு வரைந்தாள். ஹெக் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, துறைமுகத்துல கப்பல் கட்டற முளை மாதிரி? இதுல பாதி இருந்தாலே போதும்."

"ரெண்டும் சேந்து வெடிச்சா பாதி போதும். சேந்து வெடிக்கலன்னா?"

"சேந்துதான் வெடிக்கும். விசை ரெண்டையும் ஒரே கம்பியிலதானே கோத்திருக்கு."

"கம்பியை நம்பி ஒருத்தர் கையை நான் உள்ள வைக்க மாட்டேன் ஹெக். முழுசா போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே முழுதாகப் போட்டார்.

வடக்கே ஸீமூர் பக்கத்தில் இருந்த பீரங்கித் திடலில் சோதனை. பெரிய இழுவை லாரியில் டாங்கியை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்கள். புல்லெல்லாம் உறைபனி. யூகலிப்டஸ் மரத்தில் மேக்பை பறவைகள் நீளநீளமாகப் பாடிக்கொண்டிருந்தன. பிரிகேடியர் இரண்டு அதிகாரிகளோடு வந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. குண்டு ஏற்ற வேண்டிய சிப்பாய், பெட்டி இறக்கும்போது ஒரு குண்டைத் தன் பாதத்திலேயே போட்டுக்கொண்டான். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

ஹெக் ஒரு யோசனை சொன்னார். "ஆளே வேண்டாம் சார். குண்டை ஏத்தி வச்சிட்டு, தூரத்துலேர்ந்து கயிறு கட்டி இழுத்துடலாம்."

"கயிறு கட்டி இழுக்கறதுக்குப் பேரு டாங்கியா?" என்றார் பிரிகேடியர். "உள்ள ஆள் இருந்து சுடணும், ஏத்தணும், மறுபடியும் சுடணும். அதுதான் சோதனை. ஆள் உக்காரத் தயங்கற வண்டியில என் பசங்களை ஏத்த மாட்டேன்."

"சரி சார்," என்றாள் தெர்ஸா. கோட்டைக் கழற்றி ஹெக்கின் கையில் கொடுத்தாள். "நான் ஏத்தறேன்."

பிரிகேடியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீங்களா? விளையாடாதீங்க."

"உள்ள இடம் பத்துமான்னு பாக்கறதுக்காக கொட்டகையில நானே தினம் ஏத்தி எறக்கிப் பழகினேன் சார். என் முழங்கையை வச்சுத்தான் அந்த இடத்தையே அளந்தேன். டின்னியைக் கேளுங்க."

"நேத்து வந்த அந்தச் சிப்பாயை விட வேகமா ஏத்துவாங்க சார்," என்றான் டின்னி. "திட்டறதும் கம்மி."

"ஒரு பொம்பளையை உள்ள உக்கார வச்சுச் சுட்டேன்னு வெளிய தெரிஞ்சா என் தலை உருளும்!"

"சுடாம திரும்பிப் போனா என் டாங்கியோட தலை உருளும் சார். ஆள் உக்காரத் தயங்கற வண்டி வேண்டாம்னு இப்பத்தானே சொன்னீங்க? நான் தயங்கல."

பிரிகேடியர் பக்கத்தில் இருந்த அதிகாரிகளைப் பார்த்தார். அவர்கள் மேக்பை பறவையைப் பார்த்தார்கள். "நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே எண்ணெய் வாசனையும் ஈர இரும்பின் வாசனையும் இருந்தன. தெர்ஸா இடது குழலில் குண்டைத் தள்ளினாள், பின்னாலேயே மருந்து நிரப்பிய பித்தளைக் குடுவையைச் செருகினாள், பீரங்கியின் பின்கதவை அடைத்தாள். வலது குழலுக்கும் அதே போல. பூட்டைத் தள்ளிப் பொருத்தினாள்.

"கைச்சக்கரத்தை விட்டுடுங்க டின்னி. தொடக்கூடாது."

"தொடல. ரெண்டு கையும் எனக்கே வேணும், மிச்சம் இருக்கறதாவது. காதைப் பொத்திக்கோங்க."

விசையை மிதித்தான்.

உலகம் ஒரு பக்கமாக இழுத்தது. மண்டைக்குள் யாரோ சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். கோபுரம் முழுவதும் முறுக்கிக்கொண்டு முனகியது. தெர்ஸாவின் தோள் சுவரில் போய் மோதியது. புகை. இடது பீரங்கி பின்னால் பாய்ந்து, மெல்ல முன்னால் திரும்பிப் போய் நின்றது. வலது பீரங்கி அசையவே இல்லை.

"அசையாதீங்க," என்றான் டின்னி. அவன் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. "வலது வெடிக்கல. உள்ள மருந்து புகைஞ்சுக்கிட்டே இருந்தாலும் இருக்கும். இப்பத் திறந்தா நம்ம மூஞ்சியிலதான் வெடிக்கும்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"புஸ்தகத்துல ஒரு கணக்குப் போட்டிருக்கான். நான் எனக்குத் தைரியம் வர்ற வரைக்கும் காத்திருப்பேன்."

உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவே அந்த வலது பீரங்கியின் கதவு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் தெர்ஸா.

"ஏதாவது பேசுங்க," என்றாள்.

"என்ன பேசறது? டோப்ருக்ல எங்களுக்குன்னு டாங்கி கிடையாது. இத்தாலிக்காரன் விட்டுட்டு ஓடினதை எடுத்து, நம்ம ஆளுங்களே நம்மளைச் சுட்டுடக் கூடாதுன்னு மேல பெரிசா கங்காரு படம் வரைஞ்சு ஓட்டினோம்." விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினான். "இது குண்டு பட்டுப் போனதில்ல. அந்த டாங்கிக்குள்ள பீரங்கிக் கதவுக்கும் சுவருக்கும் நடுவுல கை வைக்க இடமே கிடையாது. வரைஞ்சவன் அதுக்குள்ள ஒரு நாளும் உக்காந்திருக்க மாட்டான். சண்டைக்கு நடுவுல நசுங்கிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "முதல் நாள் இதுக்குள்ள வந்து உக்காந்தேன் பாருங்க, கை வைக்கற இடத்துலெல்லாம் கை வைக்க இடம் இருந்துச்சு. யாரோ நம்மளை நினைச்சு வரைஞ்சிருக்காங்கன்னு தோணுச்சு."

தெர்ஸா குனிந்து பூட்டைப் பார்த்தாள். பார்த்தவள் இன்னும் கிட்டே குனிந்தாள். விரலால் தடவினாள். முனை மழுங்கவில்லை. வளையத்துப் பல் ஒன்றுகூட நசுங்கவில்லை. ஒரு நூல் அளவுகூட எதுவும் நகரவில்லை.

எது நடந்துவிடுமோ என்று பயந்தாளோ அது நடந்துவிட்டது. நடந்தும் கோபுரம் அசையவில்லை.

"டின்னி! தாங்கிடுச்சு! ஒத்தைப் பக்க உதையை வாங்கிட்டு அப்படியே நிக்குது!"

"கத்தாதீங்க, பக்கத்துல வெடிக்காத ஒண்ணு தூங்குது," என்றான் டின்னி. ஆனால் அவன் பல்லெல்லாம் தெரிந்தது.

கடைசியில் அவனுக்குத் தைரியம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான். குடுவை சும்மா, பசு மாதிரி கிடந்தது. எடுத்துப் புரட்டினான். அடியில் ஊசி குத்திய தடம் இருந்தது, ஆனால் லேசாக, யாரோ நகத்தால் கீறியது போல. தெர்ஸா சுடும் ஊசியை விரலால் தொட்டாள். பசை போல ஒட்டியது.

"கிரீஸ்! பனியில இறுகிப்போச்சு. ஊசி வேகமா பாயவே இல்ல."

"பீரங்கிப் பட்டறைக்காரன் தாராளமா பூசியிருக்கான். அவன் கை ரொட்டிக்கு வெண்ணெய் தடவற கை," என்றான் டின்னி.

தெர்ஸா மேல் மூடியைத் திறந்து தலையை நீட்டினாள். பிரிகேடியர் மடக்கு நாற்காலியை மடக்கச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஹெக் அவர் பின்னால் ஓடி ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தார்.

"சார்! எங்க போறீங்க?"

பிரிகேடியர் திரும்பினார். புகைக்கரி படிந்த முகமும் கலைந்த தலையுமாக இரும்புக்குள்ளிருந்து முளைத்திருந்தவளை உற்றுப் பார்த்தார். "மிஸ் பொலிதோ, அடிபடாம இருக்கீங்களே, அதுவே சந்தோஷம். ரெண்டு சுட வேண்டியதுல ஒண்ணுதான் சுட்டது. முயற்சிக்குப் பாராட்டு. கிளம்பலாம்."

"சுடாம போனது பீரங்கி சார். பீரங்கி உங்களது. டாங்கிதான் என்னுது. அது நிக்குது!"

அதிகாரிகளில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கப் பார்த்துத் தோற்றார்.

"நேரா உதைச்சா தாங்குமான்னுதான் நீங்க கேட்டீங்க. இப்ப ஒரு பக்கமா உதைச்சிருக்கு, அது இன்னும் மோசமான உதை. பூட்டுல ஒரு கீறல்கூட இல்ல. வந்து தொட்டுப் பாருங்க. தொட்டுப் பாத்துட்டு, உக்காருங்க. ரெண்டையும் சுட்டுக் காட்டறேன்."

பிரிகேடியர் கைத்தடியைத் தரையில் ஊன்றி யோசித்தார். நாற்காலியை மறுபடி விரிக்கச் சொன்னார்.

லாரிக்காரரிடம் மண்ணெண்ணெய் வாங்கி, தெர்ஸா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து நனைத்து, இரண்டு ஊசியையும் பளபளவென்று வரும்வரை துடைத்தாள். தங்கை பிறந்தநாளுக்குக் கொடுத்த துணி அது. மறுபடி ஏற்றினார்கள். டின்னி மிதித்தான்.

இந்த முறை உலகம் பக்கவாட்டில் இழுக்கவில்லை. முழுசாகப் பின்னால் போனது. அத்தனை பெரிய எஃகு மலை பின்காலில் உட்கார்ந்து எழுவது போல ஆடி, முன்னால் குனிந்து, நின்றது. வெளியே, உறைபனி படிந்த புல் வளையமாகப் படுத்துவிட்டது. தூரத்துச் சரிவில் இரண்டு மண் தூண்கள் ஒன்றாக எழுந்தன. மரத்திலிருந்த பறவையெல்லாம் ஒரே கூச்சலாகக் கிளம்பிப் போயின. ஹெக் தொப்பியை மேலே எறிந்தார். அது டாங்கியின் மேல் விழுந்தது.

"மறுபடி!" என்றாள் தெர்ஸா.

மறுபடி சுட்டார்கள். மறுபடியும். அவள் தோள் எரிந்தது, கண்ணில் நீர் வழிந்தது, காது இரண்டும் அடைத்துப் போயின. கை மட்டும் குண்டு, குடுவை, கதவு என்று தானாகவே போய்வந்துகொண்டிருந்தது.

புகை கலைந்தபோது பிரிகேடியரே டாங்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். தடியால் தட்டிக் கூப்பிட்டார்.

"நேரா சுட்டா எந்த வண்டியும் ஓரளவு தாங்கும். கோபுரத்தைப் பக்கவாட்டுல திருப்பிச் சுடுவீங்களா?"

ஹெக்கின் முகம் வெளுத்துவிட்டது. பக்கவாட்டில் சுட்டால் டாங்கி குறுக்குவாட்டில் உதை வாங்கும். நீளவாட்டில் இருக்கும் நிதானம் குறுக்கில் கிடையாது. "சார், ரெண்டும் சேந்தா? கவுந்துரும் சார்!"

தெர்ஸாவுக்குக் காது கேட்கவில்லை. டின்னி அவள் காதருகே வாயை வைத்துக் கத்தினான். அவள் கேட்டுவிட்டு மூடி வழியாகப் பிரிகேடியரைப் பார்த்தாள். அந்தக் கணக்கை அவள் பல முறை போட்டிருந்தாள். தூக்கும், ஆனால் கவிழாது என்று ஒவ்வொரு முறையும் வந்தது. கணக்கு சரிதானா என்று தெரிந்துகொள்ள இதை விட்டால் வேறு வழியும் இல்லை, வேறு நாளும் இல்லை.

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள்.

பூட்டை எடுத்தார்கள். டின்னி கைச்சக்கரத்தைச் சுற்ற, கோபுரம் சத்தமில்லாமல் திரும்பிக் குறுக்கே நின்றது. மறுபடி பூட்டு. குண்டு, குடுவை, கதவு. அந்தப் பக்கம், இந்தப் பக்கம். டின்னி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

வெளியில் இருந்தவர்கள் பார்த்தது இது: நெருப்பு இரண்டு நாக்காக நீண்டது. டாங்கியின் ஒரு பக்கச் சக்கரச் சங்கிலி முழுவதும் தரையை விட்டு எழுந்தது. சங்கிலிக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது, அதற்கப்பால் புல் தெரிந்தது. ஹெக் கண்ணை மூடிக்கொண்டு, பல வருடமாகப் போகாத சர்ச்சின் புனிதர்களை எல்லாம் கூப்பிட்டார். அந்த எஃகு மிருகம் அப்படியே ஒரு காலில் நின்று யோசித்தது. பிறகு தொம்மென்று தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. சேறு தெறித்து பிரிகேடியரின் மேல்கோட்டையும் மீசையையும் நனைத்தது.

அவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. நேராக டாங்கிமேல் ஏறினார். வயசுக்கு மீறிய வேகம். "எழுந்திரு சார்ஜெண்ட்," என்று டின்னியைக் கிளப்பிவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். தெர்ஸா பூட்டை எடுத்தாள். பிரிகேடியர் கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். இத்தனை உதை வாங்கிய கோபுரம் முக்காமல் முனகாமல் திரும்பியது. ஒரு முழுச் சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க!" என்றார்.

"என்ன சார்? கேக்கல!"

"ஒண்ணுமில்ல! குழுகிட்ட நான் பேசறேன்! கொட்டகையைப் பூட்ட வேண்டாம்!"

அது மட்டும் எப்படியோ அவளுக்குக் கேட்டுவிட்டது.

நவம்பரில், அந்த ஊர் வசந்தத்தில், பெரிய பீரங்கியோடு கப்பல் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் வார்த்த கோபுரத்தில், உலகத்திலேயே கனமான டாங்கிப் பீரங்கிகளில் ஒன்றை ஏற்றிச் சுட்டுக் காட்டினார்கள். கோபுரத்துக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. பிற்பாடு சண்டைக்குப் போனது அமெரிக்க டாங்கிகள்தான். சண்டைக்கு எது போக வேண்டும் என்பதைக் கப்பல்களும் அரசாங்கங்களும் முடிவு செய்தன. ஆனால் அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த யாரும், நம்மால் முடியாது என்ற பேச்சைப் பிறகு எந்த வாயிலிருந்தும் பொறுமையாகக் கேட்டதில்லை.

சோதனை முடிந்த அன்று சாயங்காலம் லாரி ஃபுட்ஸ்கிரேக்குள் நுழைந்தபோது மணி ஆறை நெருங்கியிருந்தது. ஆறு மணிக்கு மதுக்கடைகளை மூடிவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் முனைக்கடை மிஸஸ் ஹன்ராஹனின் பாரில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு கடைசி கிளாஸை அவசர அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹெக் லாரியிலிருந்து குதித்து உள்ளே ஓடினார். அவர் ரகசியமாகச் சொன்ன சேதி பாருக்கு மட்டுமில்லை, அடுத்த தெருவுக்கும் கேட்டது.

பெண்கள் அந்தப் பாருக்குள் போகக் கூடாது. அதனால் பார் வெளியே வந்தது. கையில் கிளாஸோடு அத்தனை பேரும் நடுத்தெருவில் லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்பம்மா பிரசவம் என்று வேலியோரம் கத்தியவர்கள்தான் இப்போது முண்டியடித்து ஏறி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மிஸஸ் ஹன்ராஹனே ஒரு ஜாடி பீரைத் தூக்கிக்கொண்டு வந்து தெர்ஸாவிடம் நீட்டினாள். தெர்ஸா டாங்கியின் நெற்றியில், இரண்டு குழலுக்கும் நடுவே, முகமெல்லாம் கரியாக, டின்னியின் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கான்ஸ்டபிள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மணி ஆறு ஆயிடுச்சு, மிஸஸ் ஹன்ராஹன்."

"கடை பூட்டியாச்சேய்யா. கடைக்குள்ள ஒரு ஈ காக்கா இருக்கா பாரு. இது ரோடு."

கான்ஸ்டபிள் கடையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழலைப் பார்த்தார். சட்டத்தை அத்தோடு விட்டுவிட்டார். "இது எதுக்கும்மா ரெண்டு?"

அவள் காதில் இன்னும் பகல் முழுக்கச் சுட்ட சத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டசைவை வைத்துப் புரிந்துகொண்டாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணு பத்தல!" என்று கத்தினாள்.

தெருவே வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லோர் முகமும் தெரிந்தது. ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சுவிடாமல் பாதிவரை குடித்தாள்.